படம் அப்படியே இருக்கட்டும்

“படம் மாறிடாதே?” என்று மூன்றாவது முறையாகக் கேட்டேன்.

“ஒரு புள்ளி மாறாதுண்ணே. படத்தை அப்படியே எடுத்து வைக்கச் சொல்லிட்டேன். சத்தத்தை மட்டும் பிரிச்சு, நம்ம டிவிக்குப் புரியிற மாதிரி மாத்துது. அவ்வளவுதான்.”

சொன்னவன் என் அறைத்தோழன். நான் அவனுக்கு வைத்த பெயர் தூக்கம். அவனுக்கு இரவு வேலை. எனக்கு மதியத்திலிருந்து ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலை. ஒரே அறையில் ஒரு வருடமாக இருக்கிறோம் என்று பேர்தான். நான் அதிகம் பார்த்தது அவனுடைய போர்வையை.

அன்று இரண்டு பேருக்கும் விடுமுறை. அவன் லேப்டாப்பில் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து ஒரே ஒரு வரியைத் தட்டினான். எண்கள் கடகடவென்று ஓடின.

சட்டையைத் தொடாமல் காலரை மட்டும் மாற்றித் தைப்பார்களே, அந்த மாதிரி என்று நானே புரிந்துகொண்டேன்.

மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு எடுத்த வீடியோ அது. என்னால் போக முடியவில்லை. மனைவி ஆள் வைத்து, பெரிய கேமராவில் எடுக்கச் சொல்லி, ஊர் போய்த் திரும்பிய ஒருவரிடம் பென்டிரைவில் கொடுத்தனுப்பியிருந்தாள். பெரிய கேமராவின் கோளாறோ, எங்கள் டிவியின் பிடிவாதமோ, படம் பளிச்சென்று வந்தது, சத்தம் வரவில்லை. இந்த ஒலி வகை இயங்காது என்று ஒரு கட்டம் எட்டிப் பார்த்துவிட்டு மறையும். என் போனும் அதையேதான் சொன்னது.

பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் போடுவேன். சத்தம் இல்லாததால் தூங்குகிறவனுக்கும் தொந்தரவில்லை.

கேக் வெட்டி முடித்ததும் ஓர் இடம் வரும். எல்லாரும் தட்டோடு நகர்ந்துவிடுவார்கள். மகள் மட்டும் திரும்பி, கேமராவை நேராகப் பார்த்து, தலையைச் சாய்த்து ஏதோ கேட்பாள். பின்னால் நிற்கும் மனைவி சிரிப்பாள்.

என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். போனை வாங்கியதும் அவள் முதலில் கேட்பது அதைத்தான். சாப்பிட்டீங்களா?

முன்பெல்லாம் கேட்பாள் என்று சொல்ல வேண்டும். இப்போது போனைக் கொடுத்தால் விளையாடணும் என்று ஓடிவிடுகிறாள். பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது. வெறும் குரலை எத்தனை நாளைக்குத்தான் அப்பா என்று நம்புவாள்?

அதனால்தான் அந்த இடம் எனக்கு வேண்டியிருந்தது. அவள் கேட்பாள். “சாப்பிட்டேன்மா” என்று நான் தட்டைத் தூக்கிக் காட்டுவேன். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் மாதிரிதான் இருக்கும், இருக்கட்டும். சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்க இந்த ஊரில் வேறு யாரும் இல்லை.

ஒரே ஒரு தடவை அதை அவள் குரலில் கேட்டுவிட வேண்டும் என்று ஆசை. கூடவே பயம். வேறு ஏதாவது கேட்டிருந்தால்? பலூன் வேண்டும் என்று சொல்லியிருந்தால்?

அடுப்பில் தண்ணீர் கொதிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. பென்டிரைவை டிவியில் செருகினான்.

முதலில் வந்தது இரைச்சல். நாற்காலி இழுபடும் சத்தம், பிள்ளைகளின் கூச்சல், யாரோ யாரையோ கத்தியைக் கொண்டு வரச் சொல்வது. இத்தனை நாள் ஊமையாக இருந்த என் வீடு ஒரேயடியாகப் பேச ஆரம்பித்தது.

கேக் வெட்டினார்கள். தட்டோடு நகர்ந்தார்கள். மகள் திரும்பினாள். தலையைச் சாய்த்தாள்.

“சாப்பிட்டீங்களா?”

அதேதான். ஓர் எழுத்து பிசகவில்லை. பார்த்தாயா என்று தூக்கத்தின் தோளைத் தட்டினேன். பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

“இன்னும் இல்லடா குட்டி. எல்லாரையும் எடுத்து முடிச்சிட்டு.”

ஓர் ஆண் குரல். மிகப் பக்கத்தில், கேமராவுக்குப் பின்னாலிருந்து. களைத்த குரல்.

மனைவி சிரித்தாள். “பாத்தீங்களா, உங்களையும் விடல” என்று அந்த ஆளிடம் சொன்னாள்.

படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. தூக்கம் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான்.

சத்தம் நன்றாக வருகிறதா என்று கேட்டான். நன்றாக வருகிறது என்றேன்.

இப்போதும் தினமும் போடுகிறேன், அந்தப் புதிய வீடியோவைத்தான். தட்டு மடியில், ரிமோட் கையில். அவள் கேட்டு முடித்த உடனே மியூட் பொத்தானை அழுத்திவிடுவேன். தொடக்கத்தில் தாமதமாகி அந்த ஆளின் ‘இன்னும்’ தப்பித்து வந்துவிடும். இப்போது கை பழகிவிட்டது.

நேற்று போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“அண்ணே, நடுவுல சத்தம் போயிடுதே. திரும்ப ஒரு தடவை மாத்தித் தரவா?”

வேண்டாம் என்று கையைக் காட்டினேன். மகள் திரையிலிருந்து இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா?