முதல் முழுக்கு

ஏழு குளம் உள்ள ஒரு காட்டில், நாலு குளத்து மிருகங்கள் யார் பக்கம் நிற்கின்றனவோ அவருக்கே ராஜ்யம். சிங்கத்தின் பக்கம் சரியாக நாலு குளம். யானையின் பக்கம் மூன்று.

சிங்கத்தின் அந்த நாலாவது குளம் மழையில் நிரம்பினால் வடகரை எருமைதான் முதலில் இறங்க வேண்டும். பாட்டன் பூட்டன் காலத்து உரிமை அது. குளம் நிரம்பிய விருந்துக்கு வந்த சிங்கம் இது தெரியாமல், தென்கரை எருமை மோழையன் கழுத்தில் மாலையைப் போட்டு, "இறங்குப்பா" என்றுவிட்டது.

உரிமைக்காரனான வடகரை எருமை சுருட்டைக்கொம்பன் கரையில் நின்று கொம்பால் மண்ணைக் கிளறினான். தண்ணீருக்குள்ளிருந்து மோழையன், "என்ன பங்காளி, கரையில வெயில் ஜாஸ்தியோ?" என்று வேறு கேட்டான்.

அன்று சாயங்காலமே சுருட்டைக்கொம்பன் இருநூறு எருமைகளோடு யானையிடம் போய்விட்டான்.

"நம்ம கொள்கை என்னன்னு தெரியுமா?" என்று யானை துதிக்கையைத் தூக்கியது.

"அதை அப்புறமாக் கேட்டுக்கிறேன் அண்ணாச்சி. மோழையன் அங்கே இருக்கான். அதனால நான் இங்கே."

அந்தக் குளத்தில் பாதிக்கு மேல் அவன் கூட்டம்தான். குளம் கைமாறியது, கூடவே ராஜ்யமும். சிங்கம் மலையேறியது, இன்னும் இறங்கவில்லை. யானையின் கொள்கை வென்றதென்று மயில்களெல்லாம் தொண்டை கிழிய அகவின.

அடுத்த மழைக்கு யானை ராஜாவே வந்து மாலை போட, சுருட்டைக்கொம்பன் தடதடவென்று குளத்தில் இறங்கினான். கழுத்தளவு தண்ணீரில் அவனுக்குச் சொர்க்கமே தெரிந்தது.

"மந்திரி ஆகிறாயா?" என்றது ராஜா, கரையில் நின்றபடி.

"அது கிடக்கட்டும் அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்களுக்குப் பின்னால நிக்கிற மோழையன் மூஞ்சி எனக்குத் தெரியவே மாட்டேங்குது!"