பாஞ்சாலை கட்டிய டப்பா

"அதத் தொடாதம்மா! அவ கையால கட்டுனது. அப்படியே இருக்கட்டும்."

பனைமரத்தை மறித்துக்கொண்டு நின்றார் சகாதேவன். அவருக்குப் பின்னால், கறுப்பு டேப் சுற்றிய தகர டப்பா ஒன்று மரத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது.

டப்பாவை எடுக்க வந்த மதிவதனி தயங்கினாள். திருவண்ணாமலை ஓவியர் அவள். சூரியனையே படம் வரைய வைக்கப்போகிறேன் என்று, மார்கழி பிறந்ததும் வேங்கிக்கால் சுற்றுவட்டாரப் பெண்களிடம் ஆளுக்கொரு டப்பாவைக் கொடுத்தாள். மலையைப் பார்த்தாற்போல் எதிலாவது கட்டிவிட்டு, ஆனி மாதம்வரை மறந்துவிடச் சொன்னாள். சூரியனை டப்பாவில் அடைக்கிற கலையும் உண்டா என்று ஊரே சிரித்தது. பாஞ்சாலை மட்டும் சிரிக்காமல் வாங்கிப்போய் அன்றைக்கே கட்டினாள்.

அந்தப் பாஞ்சாலையைத்தான் இப்போது காணோம். மாசி அமாவாசைக்கு மேல்மலையனூர் போய்வருகிறேன் என்று புருஷன் சகாதேவனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாளாம். திரும்பவே இல்லை. ஓசூர் கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்த தம்பி இளவரசன், அக்காவின் போட்டோவும் கையுமாக ஏறி இறங்காத பஸ் இல்லை.

"டப்பாக்குள்ள என்னங்க இருக்குது?" என்று அங்கே நின்றிருந்த அவன் கேட்டான்.

"போட்டோ பேப்பர்தான். ஊசித் துளை வழியா வெளிச்சம் போய், ஆறு மாசமும் சேர்ந்து ஒரே படமா விழும். சூரியன் தினம் போற தடம் ஒவ்வொரு கோடா தெரியும்."

"ஆறு மாசமுமா?" அவன் கிட்டே வந்தான். "அப்போ எங்கக்கா கிளம்பிப் போனதும் விழுந்திருக்குமா? யாரோட போச்சுனு தெரியுமா?"

சகாதேவன் மதிவதனியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குப் பாவமாக இருந்தது. "இல்ல தம்பி. நடமாடுற எதுவும் இதுல விழாது. மனுஷன், மாடு, வண்டி எதுவும் தெரியாது. ஒரே இடத்துல நாள்கணக்கா அசையாம இருக்கிறது மட்டும்தான் விழும்."

இளவரசன் வரப்பில் உட்கார்ந்துவிட்டான். இருந்த ஒரு பிடியும் நழுவிப் போயிற்று.

சகாதேவன் பெருமூச்சு விட்டார். "அப்போ எடுத்துக்கோம்மா. அவளே இல்ல, அவ கட்டுனத வெச்சினு நான் என்ன பண்ணப்போறேன்?" துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானே கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார்.

டேப்பின் பசை மதிவதனியின் கையெல்லாம் ஒட்டிக்கொண்டது. "கை கழுவணுமே. கிணறு ஏதாச்சும் இருக்குங்களா?"

"இருந்துச்சு. ஆட்டுக்குட்டி விழுந்து செத்துப்போச்சுனு தீபாவளிக்கு முன்னாடியே மூடிட்டேன். கொட்டாயாண்ட போர் பைப்பு இருக்குது, வா."

மூடிய இடத்தில் வேர்க்கடலைச் செடி பச்சைப்பசேலென்று நின்றது. சுற்றிலும் மனை போட்டு மஞ்சள் கல் நட்ட தரிசு. ஒரு வார்த்தை கேட்டுத் தெரிந்துகொள்ள அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. இந்தப் பொட்டல்வெளியில் அக்கா எப்படித்தான் குடித்தனம் நடத்தினாளோ என்று இளவரசன் நினைத்தான்.

கொட்டகை இருட்டில் மதிவதனி டப்பாவைத் திறந்தாள். உள்ளே இருந்த பேப்பரைச் செல்போனில் படம் பிடித்து, கறுப்பை வெளுப்பாக்கி, இளவரசனிடம் நீட்டினாள். அவனுக்குத் தன் துக்கம்கூட ஒரு நிமிடம் மறந்துபோயிற்று. மலைக்கு மேலே, தறியில் பூட்டிய பாவு நூல்போல, சூரியன் போன தடங்கள் வரிசையாக விழுந்திருந்தன.

"இது மலை. இது வேலிக்கல்லு. ஆறு மாசமும் இருந்ததால பளிச்சுனு விழுந்திருக்கு" என்ற மதிவதனி, படத்தின் அடியில் விரல் வைத்தாள். "இது மட்டும் மங்கலா இருக்கு, பாருங்க. வட்டமா ஒரு கட்டைச்சுவரு, ராட்டினம் மாட்டுற தூணு. டப்பா கட்டின பின்னாடி ரெண்டு மூணு மாசம் இருந்துட்டு, அப்புறம் இல்லாமப் போனாத்தான் இப்படி விழும். இங்க என்னங்க இருந்துச்சு?"

தீபாவளிக்கு முன்னாடியே மூடியதாகச் சொன்ன கிணறு அது. இளவரசன் செல்போனை அவளிடம் கொடுத்துவிட்டு எழுந்தான்.

"எங்க போற மச்சான்?" சகாதேவன் கேட்டார்.

"எங்கக்காவக் கூட்டினு வரத்தான்" என்றவன், சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேர்க்கடலைச் செடிக்குள் இறங்கினான்.