ஏப்ரலில் எழணும்

"வண்டி குந்திடக் கூடாது தம்பி. ஏப்ரல்ல நான் வந்து சாவியைத் திருப்பினா, மாடு மாதிரி எழுந்து நிக்கணும்" என்றார் ஐலி.

"எல்லாரும் அக்டோபர்லயே கொண்டுவந்து விட்டாச்சு. டிசம்பர் பொறந்தப்புறம் வந்து சட்டம் பேசுறீங்களேம்மா!" என்றார் டெல்மர், கையுறையில் ஒட்டிய பனியை உதறிக்கொண்டே.

அமெரிக்காவில் மினசோட்டாவின் வடகோடியில், கோடைக் கண்காட்சி மைதானத்து மாட்டுக்கொட்டகை அது. கோடையில் மாடுகள் படுக்கும் இடத்தில், பனிக்காலம் முழுக்க ஊராரின் கார்கள் படுத்திருக்கும். அறுபது மைல் தள்ளி ஒரு சுரங்கத்தில் முழங்காலைப் பறிகொடுத்துவிட்டு வந்த டெல்மருக்கு இங்கே காவல் வேலையில் இது முதல் வருஷம். உறை போர்த்திய வண்டிகளுக்கு நடுவே போகும்போது, எழுப்பிவிடுவோமோ என்று தானாகவே மெல்ல அடி வைப்பார்.

ஐலிக்கு எண்பதை ஒட்டிய வயது. அவர் கொண்டுவந்த வண்டியும் கிழம்தான். பின்னால் சாமான் ஏற்றும் நீளமான ஸ்டேஷன் வேகன். நாலு சக்கரத்துக்கும் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை.

"போன வருஷம் பின்பக்கம் தரையோட ஒட்டிடுச்சு. பை வெடிச்சு, என் வீட்டுக்காரர் அர்விட்தான் புதுசு மாட்டினார். இந்தத் தடவை அப்படி ஆச்சுன்னா எனக்குத் தாங்காது."

"காத்து கசியத்தாம்மா செய்யும். குளிர்ல மடிஞ்ச ரப்பர் மேல அவ்வளவு கனமும் உக்காந்தா வெடிக்காம என்ன பண்ணும்? அடியில நாலு முட்டுக் கொடுத்து, பேட்டரியைக் கழட்டிடறேன். நிம்மதியாத் தூங்கட்டும்."

"பின்னாடி பாரம் ஏத்தினாலும் நிமிர்ந்து நிக்குமா?"

"ஏன், அப்படி என்ன பாரம்?"

"அர்விட்டை இதுலதான் கூட்டிட்டு வரணும். வேற வண்டி வேண்டவே வேண்டாம்னு சொல்லிட்டார்."

டெல்மருக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பக்கத்துக் கிழவர்கள் பாதிப் பேர் முதல் பனி விழுந்ததும் தெற்கே வெயில் காயும் அரிஸோனாவுக்குப் பறந்துவிடுவார்கள். ஏப்ரலில் வெயில்பட்டுச் சிவந்த மூக்கோடு வந்து இறங்குவார்கள்.

"உங்களைப் பனி வழிக்க விட்டுட்டு அவர் மட்டும் போயிட்டாரா? நல்ல ஆளும்மா!"

"அம்பத்தாறு வருஷத்துல இதான் முதல் தடவை."

"வரும்போது மூட்டை மூட்டையா ஆரஞ்சு கொண்டு வருவார்போல. அதுக்குத்தானா பாரக் கணக்கு?"

ஐலி அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பின்சீட்டை மடக்கி, அங்கே ஒரு கம்பளியை விரித்து, அதன் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினார்.

"இது இப்படியே இருக்கட்டும்."

பிப்ரவரியில் ஒருநாள் ஐலி காபியும் ஏலக்காய் ரொட்டியுமாக வந்தார். கூரைத் தகரத்தின் மேல் பனி சரியும் ஓசை, யாரோ புரண்டு படுப்பதுபோல் கேட்டது. டெல்மர் சக்கரத்துக்கு மேலே விரலை நுழைத்துக் காட்டினார்.

"பாருங்க, வெச்ச உயரம் வெச்சபடி இருக்கு. சரி, அவர் போன் பண்றாரா?"

"போன்லயா? நேர்லயே பேச மாட்டாரே!"

"ஃபின்லாந்து வம்சமாச்சே! பத்து வார்த்தைக்கு மேல பேசினா தொண்டை தேய்ஞ்சிடும்!"

ஐலி வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் வண்டிக்குள் ஏறி, ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

ஏப்ரல் மூன்றாம் வாரம். கொட்டகைக் கதவைத் திறந்ததும் உருகும் பனியின் வாசனை உள்ளே வந்தது. டெல்மர் பேட்டரியை மாட்டி, ஜாக்கி வைத்து முட்டுகளை ஒவ்வொன்றாக உருவினார். வண்டி மெல்லத் தாழ்ந்தது. ஐலி கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

பைகளுக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரஸர் முனகியது. ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு பெருமூச்சு. பசு எழுவதுபோல் முதலில் பின்பக்கம், அப்புறம் முன்பக்கம் எழுந்து நின்றது.

மடக்கிய பின்சீட்டின் மேல் டெல்மர் தானே ஏறி உட்கார்ந்து பார்த்தார். வண்டி ஒரு கணம் தாழ்ந்து, தானாகவே நிமிர்ந்தது.

"எழுந்துடுச்சும்மா! நூறு கிலோ நான். அவர் ஆரஞ்சையும் சேர்த்துத் தாங்கும். ஏர்போர்ட்டுக்கு எத்தனை மணிக்குப் போகணும்?"

ஐலி கம்பளியை மறுபடி நீவிவிட்டார்.

"ஏர்போர்ட் இல்ல தம்பி, கல்லறைத் தோட்டம். மண்ணு பாறையா இறுகிட்டதால டிசம்பர்ல அவருக்குக் குழி வெட்ட முடியல, பெட்டியை மலையடிவாரத்துக் கல் அறையில வெச்சிருக்காங்க. நேத்துதான் மண்ணு இளகிடுச்சுன்னு சொல்லி அனுப்பினாங்க. அன்னிக்கு நீங்க ஆரஞ்சுன்னதும் திருத்த எனக்கு மனசு வரல... பனிக்காலம் பூரா அவர் எங்கேயோ வெயில்ல இருந்த மாதிரியே இருந்துச்சு."