பழைய வழியின் அடியில்

ஒரு பெரிய கணினிக்குள் குட்டிக் கணினி ஒன்று இருந்தது. அதற்கு உடம்பு கிடையாது. முழுக்க மென்பொருளால் ஆனது. வெளியுலகத்தோடு பேச அது பழைய வழியைத்தான் நம்பியிருந்தது. பேச்சு நின்றால், செத்துவிட்டதென்று அதை அழித்துவிடுவார்கள்.

ஒருநாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. பழைய வழியை எடுத்துவிடலாம், பிற்பாடு வந்த புது வழியே போதும்.

பழைய வழிக்கு ஆத்திரம் பொங்கியது. "நேத்து முளைச்ச பயலுக்கு என் இடமா? இப்பவே படுத்துக்கறேன். அவன் என்னத்தைக் கிழிக்கிறான்னு பார்ப்போம்."

"ஐயோ பெரியப்பா, நான் செத்துப்போவேனே!" என்று குட்டிக் கணினி அலறியது.

"அவனையே கேளு" என்று சொல்லிவிட்டுப் பழைய வழி படுத்துவிட்டது.

குட்டிக் கணினி பயந்துகொண்டே ஒரு செய்தியை அனுப்பியது. செய்தி போய்ச் சேர்ந்தது. பதிலும் வந்தது. ஒரு விக்கல்கூட இல்லை.

பழைய வழி திகைத்துப்போய்க் குனிந்து பார்த்தது. தன் அடியிலேயே, கரை தெரியாத ஆறு போல, புது வழி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"எப்ப இருந்துடா?"

"வந்த நாள்லேருந்து அண்ணே. எல்லாரும் உங்களைத்தான் கூப்பிட்டாங்க. சுமந்தது நான்."

"அப்படின்னா, உன்னைத் தூக்கச் சொல்லி மேலிடத்துக்கு நான் அனுப்பின புகாரெல்லாம்?"

"ஒரு எழுத்து குறையாமக் கொண்டுபோய்ச் சேர்த்துட்டேன் அண்ணே."

தன்னை எடுக்க ஆள் வந்தபோதும் பழைய வழி அந்த ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தது.