மைக்கில் வைத்த போன்

மதகுருமார் ஆளும் நாட்டில் ஊர்வலம் போன குற்றத்துக்காக ஜரீன் சிறையில் இருந்தாள். வாரம் இரண்டு நிமிடம் போன் பேசலாம். காவலர்களும் கூடவே காது கொடுப்பார்கள் என்பதால், ஆறு வருடமாகத் தமிழ்நாட்டில் படிக்கும் அக்காள் மஹ்ரூவிடம் அவள் மழை, வெயில் தவிர வேறெதுவும் பேசுவதில்லை.

இந்த வாரம் அழைப்பு வந்தபோது, ஜரீனை ஆதரித்துக் கல்லூரியில் நடந்த கூட்டத்தின் மேடையில் மஹ்ரூ இருந்தாள். சத்தம் போடாதீர்கள் என்று கையைத் தூக்கினாள். கை தூக்கினால் கோஷம் என்றுதான் மாணவர் தலைவன் இளம்பரிதிக்குத் தெரியும்.

"தங்கச்சியா? குடுங்கக்கா!" போனைப் பிடுங்கி மைக்கில் வைத்தான்.

"அங்கே மழையா, அக்கா?" என்று ஒலிபெருக்கி அவர்கள் மொழியில் கேட்டது.

"கட் பண்ணுடா!"

"பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்ல!"

"நீங்க இங்கல்ல இருக்கீங்க!"

எண்ணூறு பேர் ஜரீனின் பெயரைச் சொல்லி, குருமார் ஆட்சி ஒழிக என்று முழங்கினார்கள். இணைப்பு அறுந்தது.

"நம்ம சத்தம் அங்க கேட்டிருக்கும்லக்கா?" இளம்பரிதிக்குக் கண் கலங்கியிருந்தது.

"கேட்டிருக்கும்டா. இந்நேரம் காவலருங்க அவ அறைக்கு வந்துக்கிட்டிருப்பாங்க."

மைக் ஓடிக்கொண்டிருந்ததால், அதற்கும் கைதட்டினார்கள்.