பூரணிக்கு ஒரு பார்சல்

தேயிலைக் கொழுந்துச் சாக்கைத் தலையிலிருந்து இழுத்து எறிந்துவிட்டு, மலைச்சரிவில் ஓடி வந்தாள் அம்மாக்கண்ணு. பின்னாலிருந்து கங்காணி கத்தினார். "இப்பப் போனா அரப் பேருதான் போடுவேன், அர நாள் சம்பளந்தான்."

"போட்டுக்கங்க. எம் மக கிட்டருந்து ஆள் வந்திருக்கு."

லயத்து வீட்டு வாசலில் ஓட்டோ நின்றது. பக்கத்தில், தன்னைவிடப் பெரிய முதுகுப் பையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண். பெயர் ஹன்னா. ஊர் ஊராகச் சுற்றுகிறவள்.

அவளை ஹட்டனில் ஏற்றி வந்தவன் ஓட்டோக்காரன் அப்ராஸ். நுவரெலியா ஹோட்டலில் வேலை பார்த்த காலத்து இங்கிலீஷ் அவனிடம் மிச்சமிருந்தது.

"பூரணி ஒங்க மகதானேம்மா? இந்த மிஸ் வெளிநாட்டுல தங்கின எடத்துல அவங்களோட பழக்கமாம். வீட்டக் கண்டுபிடிச்சுத் தாங்கன்னாங்க. மத்தத நீங்களே கேளுங்க."

அம்மாக்கண்ணுவுக்கு மூச்சு வாங்கியது. கட்டினவன் கைவிட்டுப் போன பிறகு அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனவள் பூரணி. தீபாவளிக்கு முந்தின வாரம் பேசியதுதான். அதற்குப் பிறகு போனே இல்லை.

காம்பரா அறைக்குள் அவள் புருஷன் பழனியாண்டி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அம்மாக்கண்ணு அவசரமாக அடுப்பைப் பற்றவைத்துக் கேத்தலை ஏற்றினாள்.

ஹன்னா போனில் படங்களைக் காட்டினாள். கண்ணுக்கெட்டிய வரை மணல். நடுவே ஒரு குளம், அதைச் சுற்றிப் பேரீச்ச மரங்கள். ஒரு மரத்தடியில், தலையில் துணி கட்டி, ரொட்டித் தட்டோடு சிரித்துக்கொண்டு நின்றாள் பூரணி.

"பாலைவனத்துக்கு நடுவுல ஊத்து. அதச் சுத்தித்தான் ஊராம்," என்றான் அப்ராஸ். "இவங்கள மாதிரி பையத் தூக்கிக்கிட்டு வர்றவங்க தங்குற வீட்டுல ஒங்க மகதான் சமையல். காலையில எல்லாருக்கும் ரொட்டியும் பிளேன்டீயும் அவங்க கையாலதானாம். இந்த மிஸ்ஸு காச்சல்ல கெடந்தப்பப் பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டாங்களாம்."

"அங்க மழ பேயுமா தம்பி?" என்றார் பழனியாண்டி.

"மழையே கெடையாதாம் ஐயா."

"குடுத்து வச்சவ. அட்டக்கடி இல்ல." சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. "சரி, எப்ப வர்றாளாம்? அதக் கேளு."

அப்ராஸ் கேட்டான். ஹன்னா போனை மடியில் கவிழ்த்தாள். அம்மாக்கண்ணுவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏதோ சொன்னாள். சின்ன வாக்கியம்தான்.

அப்ராஸ் கண்ணைக் கசக்கினான். காம்பரா முழுக்கப் புகை.

"என்னா தம்பி, இங்கிலீசு மறந்துபோச்சா?"

"இல்ல ஐயா." கிழவரைப் பார்த்தான். "பாஸ்போட்ட மொதலாளி வாங்கி வச்சிருக்காராம். போனையும் புடுங்கிட்டாராம். இன்னும் ரெண்டு வருஷத்துக்கு விட மாட்டாங்க போல இருக்கு. அது ஒண்ணுதான். மத்தபடி ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, சொகமா இருக்காங்களாம்."

"ரெண்டு வருஷமா?" பழனியாண்டி சுவரில் சாய்ந்தார். "அது வரைக்கும் நான் இருக்கணுமே."

அம்மாக்கண்ணு ஹன்னாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைகளை விடுவித்துக்கொண்டு எழுந்து, ஒரு செம்புத் தண்ணீரை அடுப்பில் ஊற்றி அணைத்தாள்.

"தண்ணி இன்னும் கொதிக்கலயே, ஏன்டி?"

"வெறகு ஈரம். பொகஞ்சா ஒங்களுக்குத்தான் இருமும்."

ஹன்னா பையை எடுத்தாள். றொசல்லையில் ரயிலைப் பிடிக்க வேண்டும். அடுத்த வாரம் திரும்பவும் அந்தப் பாலைவன ஊருக்குத்தான் போகிறாளாம்.

"அப்ப எதாச்சும் குடுத்து விடு புள்ள," என்றார் பழனியாண்டி. "வெறுங்கையோட அனுப்பாத."

அம்மாக்கண்ணு றங்குப்பெட்டியைத் திறந்தாள். அடியிலிருந்து எதையோ எடுத்துப் பேப்பரில் சுற்றினாள்.

"என்னத்தக் குடுக்குற?"

"அவளுக்குச் சேர வேண்டியதுதான்."

ஓட்டோ வரைக்கும் அவளே பார்சலைத் தூக்கி வந்தாள். அப்ராஸ் அதை வாங்கிக் கையில் எடை பார்த்தான்.

"சாப்பாட்டுச் சாமானாம்மா? ஏர்போட்டுல எடுத்துப் போட்டுருவாங்க." பேப்பர் ஓரத்தை விலக்கினான். உள்ளே அரக்கு நிறத்தில் சேலை. கடை ஸ்டிக்கர் கூட உரிக்கவில்லை.

"தீபாவளிக்கு அவளுக்குன்னு எடுத்தது," என்றாள்.

"அங்க சேலயெல்லாம் கட்ட விடமாட்டாங்கம்மா. நீங்களே பத்திரமா வைங்க. அவங்க வந்ததும் கட்டிக்கட்டும்."

அம்மாக்கண்ணு திரும்பிக் காம்பராவைப் பார்த்தாள். உள்ளே கிழவரின் இருமல் கேட்டது. அவள் குரல் தாழ்ந்தது.

"அவருக்கு நீங்க சொன்னதே இருக்கட்டும் தம்பி. இதப் பொதச்ச எடத்துல போடச் சொல்லுங்க. பொறந்த வீட்டுக் கோடி."