ஒரு சீலை தாருங்கோ

ரெக்ஸ்டேலில், எட்டாம் மாடி வீட்டின் கதவைத் திறந்தபடி நிற்கிறாள் றெஜினா. சனிக்கிழமை பின்னேரம். கரோல் பாட வந்த கோயில் பிள்ளைகளின் சப்பாத்துகளிலிருந்து பனி உருகி, கொரிடோர் விரிப்பில் கறுப்பாக ஊறுகிறது. கிற்றார் துள்ளுகிறது. 'ஒரு சீலை தாருங்கோ, பாலன் நடுங்குறார்' என்று எல்லாரும் சிரித்த முகமாகப் பாடுகிறார்கள். பாட்டு முடியுமுன் வீட்டுக்காரர் பாலன் இயேசு பொம்மைக்கு ஒரு துணி போர்த்திவிட வேண்டும், அதுதான் வழக்கம். "போர்த்துக்கேயர் காலத்துப் பாட்டாம் அன்ரி, சரியான பழசு," என்று பொம்மையை நீட்டுகிறாள் பாட வந்தவர்களில் ஒருத்தியான நடாஷா. "ஓம் பிள்ளை," என்கிறாள் றெஜினா. சண்டைக் காலத்தில் மடு அகதி முகாமில், மலேரியாக் காய்ச்சலில் நடுங்கிய மகளுக்காக அவள் புருசன் கூடாரம் கூடாரமாகப் போய்க் கேட்ட வார்த்தைதான் அந்த 'ஒரு சீலை தாருங்கோ'. சீலை கிடைத்தது, பிள்ளை தங்கவில்லை. அந்த நத்தாருக்கு மகளின் பெயரை எடுத்துவிட்டுப் பாலனை வைத்து மெட்டுப் போட்டவர், அடுத்த நத்தாருக்கு இல்லை. இதையெல்லாம் இந்த வாசலில் யாருக்குச் சொல்வது? கடைசி அடியில் கிற்றார் அவளுக்காகக் காத்து நிற்கிறது. றெஜினா தோளில் கிடந்த சால்வையை எடுக்கிறாள். பொம்மையின் காலில் தொடங்கி, இரண்டு பக்கமும் ஓரத்தைச் செருகிச் செருகி, மெல்ல மேலே இழுக்கிறாள். "ஐயோ அன்ரி, முகத்தையும் மூடிட்டியள்!" என்று சிரிக்கிறாள் நடாஷா. றெஜினாவின் கை சால்வையை விலக்கவில்லை.